பாதியில் விட்டுப் போனவனுக்கும் நற்கீர்த்தி உண்டா?

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு 22 வயது. போன மே மாதம் எங்கள் சபையில் விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்பு ஒன்றுக்குப் பொறுப்பு எடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து போகவில்லை, யார் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. இன்னொரு வகுப்பு எடுத்த அக்காதான் என் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது வாலிபர் கூட்டத்தில் எதற்கு என் பெயரைச் சொன்னாலும் "அவனா, பாதியில விட்டுட்டுப் போயிடுவான்" என்கிறார்கள். "திரளான ஐசுவரியத்தைப்பார்க்கிலும் நற்கீர்த்தியே தெரிந்துகொள்ளப்படத்தக்கது" (நீதிமொழிகள் 22:1) என்று படிக்கும்போதெல்லாம் குத்துகிறது. தினமும் ஸ்டேட்டஸில் வசனம் போடுகிறேன், அதற்கும் சிரிக்கிறார்கள். சபையில் எல்லோர் முன்னாலும் எழுந்து என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேண்டாம். இப்போதைக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். பழைய ஏற்பாட்டில் எஜமானின் மனைவியால் யோசேப்பு மேல் விழுந்தது பொய்ப் பழி, உங்களைப் பற்றிச் சொல்வதோ நடந்த விஷயம். அதனால் வேதத்தில் நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் மாற்கு.

எருசலேமில் அவனுடைய அம்மா வீட்டில்தான் விசுவாசிகள் கூடி ஜெபித்தார்கள், நல்ல குடும்பம். ஆதி சபையின் ஊழியர்களான பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குக் கிளம்பியவன், பம்பிலியா நாட்டுப் பெர்கே பட்டணம் வந்ததும் அவர்களை விட்டு எருசலேமுக்கே திரும்பிவிட்டான். காரணம் என்ன என்று அப்போஸ்தலர் புத்தகம் சொல்லவே இல்லை. அவன் போன பிறகு அதே பயணத்தில்தான் லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அடுத்த பயணத்துக்கு மாற்குவையும் கூட்டிப்போகலாம் என்று பர்னபா சொன்னபோது பவுல் முடியாது என்றார் என்றால், அதில் நியாயம் இருக்கிறது அல்லவா? உங்கள் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளும் உங்களுக்கு எதிரிகள் இல்லை, தம்பி. அவர்கள் மேல் கசப்பு வைக்காதீர்கள்.

பெரியவர்கள் இரண்டு பேர் அவனால் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்குக் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு அப்போஸ்தலர் புத்தகத்தில் மாற்குவின் பேச்சே இல்லை. அவன் எழுந்து நின்று விளக்கம் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. வருடங்கள் போகின்றன. அப்புறம் பார்த்தால் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தில் "உடன் வேலையாட்கள்" வரிசையில் பவுலே அவன் பெயரைச் சேர்க்கிறார். கடைசியில் சிறையிலிருந்து, தன்னோடு ஊழியம் செய்த இளைஞன் தீமோத்தேயுவுக்கு, "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" (2 தீமோத்தேயு 4:11) என்று எழுதுகிறார். முதலில் வேண்டாம் என்று சொன்ன அதே வாய்! எனக்கு வேதத்தில் ரொம்பப் பிடித்த வரிகளில் இது ஒன்று. நற்கீர்த்தி என்பது நம்மைப் பற்றி நாம் சொல்வது இல்லை, கூட வேலை செய்தவர்கள் சொல்வது. தீமோத்தேயுவைப் பற்றியும் லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர்கள்தான் நற்சாட்சி சொன்னார்கள்.

ஸ்டேட்டஸ் விஷயம். வசனம் போடுவது தப்பில்லை, ஆனால் போன் எடுக்காத ஒருவருடைய வசனத்தை எப்படி நம்புவார்கள்? கொஞ்ச நாள் அதை நிறுத்திவிட்டு வருகிற போனை எடுங்கள், எடுக்க முடியாவிட்டால் அன்றைக்கே திருப்பிக் கூப்பிடுங்கள். முடியாததை முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் இயேசு சொல்லச் சொன்னதில் இதுவும் அடங்கும்.

அந்த அக்காவைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அவர்கள் ஞாபகமாகவே இருக்கிறது. தயாரிப்பே இல்லாமல், இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, மே மாத வெயிலில் தொண்டை கட்டக் கட்டப் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக அவர்களிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள், காரணம் எதுவும் சேர்க்காமல். வகுப்புக்கு வாங்கிய சார்ட், ஸ்கெட்ச், மீதிப் பணம் ஏதாவது உங்களிடம் இருந்தால் அதையும் கணக்கோடு கொடுத்துவிடுங்கள்.

வருகிற மே மாதம் வகுப்புக் கேட்காதீர்கள். பாய் விரிக்க, பிள்ளைகளுக்கு ஜூஸ் கொடுக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். சரி என்றால் கடைசி நாள் வரைக்கும் போங்கள். முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்