எரிமலைக்குப் பயந்து நாலு மூட்டை அரிசி

கேள்வி: போன 2025 நவம்பரில் எத்தியோப்பிய எரிமலைச் சாம்பல் டெல்லிக்கு மேலே வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ‘சூப்பர் எரிமலை’ வெடிக்க வேண்டிய கெடு தாண்டிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. அதைப் பார்த்துவிட்டு நாலு மூட்டை (25 கிலோ) பொன்னி அரிசி வாங்கி அடுக்கியிருக்கிறார். நாங்கள் நாலு பேர். இதில் எவ்வளவு உண்மை, வீட்டில் என்ன ஏற்பாடு வேண்டும்?
— வாசகி, மயூர் விஹார்

பதில்: அம்மா, கெடு தாண்டியது என்பது கணக்கிலேயே உதைக்கிறது. யெல்லோஸ்டோனின் மூன்று பெரிய வெடிப்புகள் சுமார் 21 லட்சம், 13 லட்சம், 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்தவை. இடைவெளியின் சராசரி ஏறக்குறைய 7.3 லட்சம் ஆண்டு. அந்தச் சராசரியை நம்பினாலும் இன்னும் 90,000 ஆண்டு பாக்கி. எரிமலை சராசரி பார்த்து வெடிப்பதில்லை என்பது வேறு விஷயம். அங்கே பூமிக்கடியில் உள்ளது பெரும்பாலும் கெட்டிப் பாறைதான், உருகிய குழம்பு குறைவு.

ஒரே வெடிப்பில் பாறையும் சாம்பலுமாக 1,000 கன கிலோமீட்டருக்கு மேல் கக்கினால்தான் சூப்பர் எரிமலை என்பார்கள். நவம்பரில் சீறிய அந்த எத்தியோப்பிய எரிமலை, ஹைலி குப்பி, அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வராது. சுமார் 4,000 கிலோமீட்டர் தாண்டி வந்த அந்தச் சாம்பல் மிக உயரத்திலேயே கடந்துபோனது. விமானங்கள் ரத்தானதற்குக் காரணம், சாம்பல் ஜெட் இன்ஜினுக்குள் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பது. 1982-ல் பம்பாய், மெட்ராஸ் வழியாக வந்து கோலாலம்பூரிலிருந்து பெர்த் போன ஒரு விமானத்தின் நாலு இன்ஜின்களும் ஜாவாவுக்கு மேலே அப்படித்தான் நின்றன. கீழே இறங்கியபின் மறுபடி ஓடியதால் ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது.

இந்தியாவைத் தொட்ட சூப்பர் எரிமலை சுமத்ராவின் தோபா, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன். அதன் சாம்பல் மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கிலும் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் இன்றும் மண்ணுக்குள் வெளுத்த அடுக்காக இருக்கிறது. ஜ்வாலாபுரத்தில் அந்த அடுக்குக்குக் கீழேயும் கல்கருவி, மேலேயும் கல்கருவி: சாம்பலுக்கு முன்னும் பின்னும் அங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

இத்தனை தூரத்தில் நம்மை உண்மையில் அடிப்பது கந்தகம். கந்தக டை ஆக்சைடு மேல்வானத்துக்குப் போய், நீராவியோடு சேர்ந்து நுண்துளிகளாகி, வெயிலை மறைக்கும். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்ததில் உலகம் சுமார் அரை டிகிரி குளிர்ந்தது. அது சூப்பர் எரிமலையே அல்ல. தோபா அளவில் ஒன்று நடந்தால் நிலத்தின் சூடு குறையும், பருவமழை தளரும், அடி விளைச்சலில் விழும். அதுவும் ஒரு போகத்தோடு நிற்காது. உங்கள் 100 கிலோ அரிசி, தலைக்கு நாளுக்கு 400 கிராம் வைத்தால், இரண்டு மாதம்தான் வரும். அந்தப் பஞ்சத்துக்குச் சேர்ப்பது உணவுக் கழகக் கிடங்கின் வேலை, உங்கள் ஸ்டோர் ரூமின் வேலை இல்லை.

சாம்பல் தரையில் விழும் நாளுக்கு ஏற்பாடு எளிது. இது பாத்திரம் தேய்க்கிற சாம்பல் இல்லை. நொறுங்கிய பாறையும் கண்ணாடித் தூளும், தண்ணீரில் கரையாது. மாசுக்கு வாங்கிய என்95 முகக்கவசம் போதும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். ஜன்னலைச் சாத்திக் கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். கூலரை அணைப்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அது வெளிக்காற்றை இழுத்து வீட்டுக்குள்ளேயே கொட்டும். மாடித் தொட்டியின் மூடியை இறுக்கி, தலைக்கு நாளுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளைக்குக் குடிநீர் பிடித்துவையுங்கள்: மொத்தம் 48 லிட்டர். ஈரச் சாம்பல் மின்கம்பியின் இன்சுலேட்டரில் படிந்தால் மின்சாரம் கசிந்து கரன்ட் போகும், மோட்டாரும் நிற்கும்.

மொட்டைமாடியில் பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் காய்ந்த சாம்பல் சுமார் 10 கிலோ. நனைந்தால் 20 வரை போகும். 50 சதுர மீட்டர் மாடியில் 5 சென்டிமீட்டர் ஈரச் சாம்பல் என்றால் 5 டன். பினடுபோவில் அதே நாள் புயல் மழையும் சேர்ந்துகொள்ள, பலர் இறந்தது கூரை சரிந்துதான். தூசி எழாத அளவுக்கு லேசாகத் தெளித்து, முறத்தால் வாரிச் சாக்கில் கட்டுங்கள். சாக்கடையில் தள்ளினால் சிமென்ட் போல இறுகிவிடும்.

அரிசிக்கு வருவோம். டெல்லி ஜூலைப் புழுக்கத்தில் வண்டு வந்துவிடும். இரண்டு மூட்டையைக் கடைக்காரரிடம் திருப்ப முடிகிறதா கேளுங்கள். மீதியைக் காய்ந்த வேப்பிலை போட்டு மூடித் தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள்.