ஆடுவதால் புற்றுநோய் பரவாது, கையைக் கவனியுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த நீங்கள், கும்மி, கோலாட்டம் ஆடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடுவதால் புற்றுநோய் பரவாது. இரத்த அணுக்கள், விரல் வலி, அக்குள் இழுப்பு என்று உங்கள் கடிதம் பலவற்றை அடுக்கினாலும், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்த ஒன்றுதான் என்பது, உறவினர் அனுப்பிய காணொளியை மூன்று இடங்களில் குறிப்பிட்டிருப்பதிலிருந்தே தெரிகிறது. உடலை அசைத்தால் இரத்த ஓட்டம் வேகமெடுத்து, மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்களை உடலெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று அதில் ஒருவர் சொல்கிறாராம். நீங்கள் அசையாமல் படுத்திருக்கும்போதும் உங்கள் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இறைத்துக்கொண்டுதான் இருக்கிறது. உடலில் உள்ள இரத்தம் முழுவதும் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. கட்டிலில் கிடப்பதால் எந்த வழியும் அடைபடுவதில்லை. மேற்கு மாம்பலத்தில் உங்கள் குடியிருப்பின் பெண்கள் மாலையில் மொட்டை மாடியில் நடத்தும் கும்மி, கோலாட்ட வகுப்பில் சேர்வதால் புதிதாக எந்த வழியும் திறப்பதுமில்லை.

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று, 2025ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மூன்று ஆண்டுகள் முறையான உடற்பயிற்சித் திட்டமும், மற்றவர்களுக்கு உடல்நலக் கையேடுகளும் அளிக்கப்பட்டன. நோய் திரும்பாமல் ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் முதல் பிரிவில் 80 சதவீதம், இரண்டாவதில் 74 சதவீதம். உங்களுடையது மார்பகப் புற்றுநோய் என்பதால் இந்த எண்களை நான் அப்படியே உங்களுக்குப் பொருத்தமாட்டேன். ஆனால் அசைவு நோயைப் பரப்புவது உண்மையென்றால், முடிவு நேர் எதிராக வந்திருக்க வேண்டும்.

மற்ற கேள்விகள் சுருக்கமாக. கீமோ முடிந்து மாதங்கள் ஆகி, கடைசிப் பரிசோதனையில் அணுக்களின் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. அதைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம். காலையில் விரல்கள் மடங்க மறுப்பது நீங்கள் தினமும் சாப்பிடும், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையால் வருவது. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அந்த வலிக்கு உடற்பயிற்சியே நல்ல மருந்து. கையைத் தூக்கும்போது அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு போலத் தோலுக்கடியில் இழுப்பது கட்டியும் இல்லை, நோய் திரும்பியதும் இல்லை. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை (திசுக்களிலிருந்து வடியும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) அகற்றிய பிறகு பலருக்கு வருவதுதான் அது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் நீட்டல் பயிற்சிகளில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நீங்கள் அஞ்ச வேண்டிய விஷயத்தைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: இடது கை ரவிக்கை சில வாரங்களாகப் பிடிக்கிறது, மோதிரம் கழற்ற வரவில்லை. அறுவை சிகிச்சை நடந்த பக்கத்தில் கணுக்களை எடுத்துவிட்டதாலும், அங்கே கதிர்வீச்சு கொடுத்திருப்பதாலும், அந்தக் கையின் நிணநீர் வடிவதற்கு வழி குறைந்திருக்கிறது. வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கை கனப்பதும், கடிகாரப் பட்டையின் தடம் நெடுநேரம் மறையாமல் இருப்பதும், ரவிக்கை ஒரு பக்கம் மட்டும் இறுகுவதும் தொடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் கட்டுப்படுத்துவது எளிது. ரங்கநாதன் தெருவில் கிடைக்கும் சாதாரணத் தையல் டேப் ஒன்றை வாங்கி, முழங்கை மடிப்புக்கு மேலே 10 சென்டிமீட்டரிலும் கீழே 10 சென்டிமீட்டரிலும் பேனாவால் குறியிட்டு, இரண்டு கைகளின் சுற்றளவையும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். புழங்கும் கை இயல்பாகவே சற்றுப் பெரிதாக இருக்கும் என்பதால், மாதாமாதம் அதே இடத்தில் அளப்பதுதான் பயன் தரும். இரண்டு கைகளுக்கும் இடையே 2 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் அது நிணநீர் வீக்கமாக இருக்கலாம். அளவு எதுவாக இருந்தாலும், ரவிக்கை ஏற்கெனவே பிடிக்கத் தொடங்கிவிட்டதால், இந்த வாரமே உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கையைக் காட்டுங்கள். வீக்கத்துக்கு வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்பதையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கை சிவந்து, தொட்டால் சூடாக இருந்து, கூடவே காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், அது நோய்த்தொற்று; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கொசு கடித்த இடத்தைச் சொறிந்த கீறலும், அரிவாள்மணையில் பட்ட சிறு வெட்டும் போதும் கிருமி நுழைவதற்கு.

வீக்கம் வடியட்டும் என்று கணவரின் நீர் மாத்திரையை நான்கு நாட்கள் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டுச் சாப்பிட்டீர்கள்? இந்த வீக்கத்தில் தேங்கியிருப்பது புரதம் கலந்த நீர். அம்மாத்திரை தண்ணீரை மட்டும் சிறுநீரில் வெளியேற்றும், புரதம் கையிலேயே கிடக்கும், உங்களுக்குத் தலைச்சுற்றல்தான் மிஞ்சும். சூடான எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கை வீங்கியிருப்பதால் ஆடக் கூடாதோ என்று தயங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பாதியினரை வாரம் இருமுறை எடை தூக்க வைத்துப் பார்த்த ஆய்வு 2009ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அவர்களுடைய வீக்கம் கூடவில்லை, திடீரென அதிகமாவதும் குறைந்திருந்தது. வாளியைக்கூடத் தொடாதே என்று இன்னமும் சொல்பவர்கள் அதைப் படிக்கவில்லை. அந்தப் பெண்கள் கையின் அளவுக்கேற்ற இறுக்கமான உறையை அணிந்துகொண்டு, மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாகவே ஏற்றினார்கள் என்பதையும் கவனியுங்கள். மருத்துவர் கையைப் பார்த்த பிறகு, உங்களுக்கும் உறை தேவையென்றால் அதை அணிந்துகொண்டு, முதல் வாரங்களில் பத்து நிமிடம் போதும். ஆடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். கையைத் தோளுக்கு மேலே தூக்குவதை இழுப்பு அனுமதிக்கும் அளவுக்குச் செய்யுங்கள், வலிக்கும் வரை வேண்டாம். மறுநாள் கை கனத்தால் அடுத்த வகுப்பில் பாதியாகக் குறையுங்கள்.

பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்துக்குப் பிறகு உள்ளங்காலில் மரத்தது போல இருப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியிருக்க, வெயிலில் காய்ந்த மொட்டை மாடித் தரையில் வெறுங்காலோடு நின்றால் சுடுவதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும்; பிடிப்புள்ள காலணி அணிந்து, சுழலும் அடவுகளின்போது நாற்காலியையோ கைப்பிடிச் சுவரையோ பிடித்துக்கொள்ளுங்கள். லெட்ரோசோல் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் மருந்து என்பதால், அடுத்த முறை புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கும்போது எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். அதன் முடிவு வரும்வரை குதிக்கும் அடவுகளை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.