அண்ணாச்சி பதில்கள்: கிராஸ்பியா, ஒவெச்கினா?

கேள்வி: அண்ணாச்சி, கனடாவில் படிக்கும் என் மகன், ஐஸ் ஹாக்கி பிளே ஆஃப் ஆட்டங்களில் சிட்னி கிராஸ்பிதான் பெரிய ஆள் என்கிறான். அவனோடு தங்கியிருக்கும் பையன் அலெக்ஸ் ஒவெச்கின்தான் என்று அடித்துப் பேசுகிறானாம். உங்கள் தீர்ப்பு என்ன?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: என் ஓட்டு கிராஸ்பிக்கு, அம்மா.

கிராஸ்பியின் பிட்ஸ்பர்க் பென்குயின்ஸ் 2009, 2016, 2017 என மூன்று முறை, பிளே ஆஃபில் கடைசிவரை ஜெயிக்கும் அணிக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஆனால் கோப்பை அணிக்குச் சொந்தம். அதை மட்டும் வைத்து ஆளை அளக்க மாட்டேன். 2009 பிளே ஆஃபின் இரண்டாம் சுற்றில், ஏழு ஆட்டம் வரை போன தொடரில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். தலா 8 கோல். உதவிய கோல்களையும் சேர்த்தால் ஒவெச்கினுக்கு 14 புள்ளி, கிராஸ்பிக்கு 13. இரண்டாவது ஆட்டத்தில் இருவருமே ஹாட்ரிக். ஒவெச்கினின் வாஷிங்டன் கேபிடல்ஸ் 4-3 என ஜெயித்தது.

கணக்கில் ஒவெச்கின் ஒரு படி மேல்தான். நான் பார்ப்பது கோல் விழுந்த இடத்தை. ஒவெச்கின் இடது பக்கம் நின்று, வந்த பாஸை நிறுத்தாமலே ஓங்கி அடிப்பவர், கண்ணுக்கு விருந்து. கிராஸ்பியின் அன்றைய மூன்று கோல்களும் கோல்கீப்பரின் காலடியில் நெருக்கியடித்துப் போட்டவை. கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை வருவதற்கு முன் மண் தரையில் ஹாக்கி பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பந்து கண்டபடி குதிக்கும். கம்பத்தை ஒட்டி, மட்டையைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு, இடிபட்டாலும் நகராமல் நிற்கும் ஃபார்வர்டுதான் திரும்பி வரும் பந்தை உள்ளே தள்ளுவார். இறுக்கமான ஆட்டத்தில் நான் நம்புவது அவரைத்தான்.

ஏழாவது ஆட்டம் வாஷிங்டனில். தொடக்கத்திலேயே ஒவெச்கினுக்கு எதிரே பிட்ஸ்பர்க் கோல்கீப்பர் ஃபிளூரி மட்டும். அடித்ததை ஃபிளூரி கையுறையால் பிடித்துவிட்டார். கடைசிப் பகுதியில் கிராஸ்பி, ஒவெச்கினிடமிருந்தே ரப்பர் வட்டைப் பறித்துக்கொண்டு தனியாகப் பாய்ந்து கோல் போட்டார். பிட்ஸ்பர்க் 6-2 என வென்றது. அந்தப் பறிப்பை மகனும் நண்பனும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

பிளே ஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதும் கிராஸ்பிக்கு 2016, 2017 என இரண்டு முறை கிடைத்தது. ஒவெச்கினுக்கு ஒரு முறை, 2018-ல். அந்த ஆண்டு 24 ஆட்டங்களில் 15 கோல்! வழியில் கிராஸ்பியின் அணியையும் வெளியேற்றிக் கோப்பையைத் தூக்கினார். 2018 மட்டும்தான் பேச்சு என்றால், அந்த நண்பன் பக்கம் நானும் உட்கார்ந்துகொள்வேன்.