ஊழல் புகாரும் இம்பீச்மென்ட்டும்: இந்த முறை வந்த கேள்விகள்

இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். ஊழல் புகார்ல மாட்டின ஒரு தலைவரை இம்பீச் பண்றப்ப, அதாவது பதவியை பறிக்க சபையில குற்றம் சாட்டி விசாரிக்கறப்ப, அவருக்கு நியாயமான விசாரணைன்னு ஒண்ணு கொடுத்தே ஆகணுமா, கொடுக்கணும்னா எது வரைக்கும். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: இம்பீச் ஆயிட்டார்னு நியூஸ் வந்துச்சு, மறுநாளும் அதே சீட்ல உக்காந்திருக்காரே, எப்படி?

அமெரிக்கால இம்பீச்னா கீழ்சபை குற்றம் சாட்டியிருக்கு, அவ்வளவுதான். மேல்சபை விசாரிச்சு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு விழுந்தாதான் பதவி போகும். அதிபர் கிளின்டன் 1998ல இம்பீச் ஆனாரு, 2001 வரைக்கும் முழுசா பதவியில இருந்துட்டுதான் போனாரு. அமெரிக்க ஃபெடரல் அளவுல இதுவரைக்கும் இருபது பேருக்கு மேல இம்பீச் ஆகியிருக்காங்க, செனட் பதவியை பறிச்சது 8 பேரைத்தான், எட்டு பேருமே ஜட்ஜுங்க. ஆனா தென் கொரியால பார்லிமென்ட் ஓட்டு போட்ட உடனே அதிபரோட அதிகாரம் நின்னுடும், கோர்ட் தீர்ப்பு வர்ற வரைக்கும் பிரதமர் பாத்துப்பாரு. அதனால எந்த நாட்டு விஷயம்னு எழுதிட்டு கேளுங்க, ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கு.

கேள்வி: கோர்ட்டுல இன்னும் தண்டனையே ஆகல. தண்டனை ஆகாத ஆளோட பதவியை எப்படி பறிக்கலாம்? இது அநியாயம் இல்லையா?

அநியாயம் இல்ல. இம்பீச்மென்ட்ல ஜெயில் கிடையாது, அபராதம் கிடையாது. பதவி போகும், சில நாடுகள்ல மறுபடி பதவிக்கு வர தடை விழும், அதோட முடிஞ்சுது. ஒருத்தரோட சுதந்திரத்தை பறிக்கறதுக்கு என்ன ஆதாரம் வேணுமோ அதே அளவு ஆதாரம் ஜனங்க கொடுத்த பொறுப்பை திரும்ப வாங்கறதுக்கு வேணும்னு சொல்ல முடியாது. அமெரிக்க செனட்ல 1986ல கிளெய்போர்ன்ங்கற ஜட்ஜோட விசாரணையில, சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு ரூல் போடுங்கன்னு அவரு தரப்பு கேட்டுச்சு, செனட் பெரிய மெஜாரிட்டியில அதை தள்ளிட்டு, அவங்கவங்க மனசாட்சிப்படி முடிவு பண்ணுங்கன்னு விட்டுருச்சு.

இப்படி ரெண்டு தராசு இருக்கறதாலதான் ரெண்டு விதமான முடிவும் வருது. அல்சீ ஹேஸ்டிங்ஸ்னு ஒரு ஜட்ஜ், லஞ்ச கேஸ்ல 1983ல ஜூரி அவரை விடுதலை பண்ணுச்சு, அதே விஷயத்துக்கு 1989ல செனட் பதவி நீக்கம் பண்ணுச்சு, ஆனா இனிமே எந்த பதவிக்கும் வரக்கூடாதுன்னு தடை போடல, அவரு 1992ல எலெக்‌ஷன்ல ஜெயிச்சு எம்.பி. ஆயிட்டாரு. பிரேசில்ல கோலோர் 1992ல அதிபர் பதவியை இழந்தாரு, 8 வருஷம் தடை, ஆனா 1994ல சுப்ரீம் கோர்ட் ஆதாரம் போதலன்னு கிரிமினல் கேஸ்ல விட்டுருச்சு. இதைப் பாத்துட்டு பாத்தீங்களா அவரு நிரபராதின்னு ஒரு கூட்டம் சொல்லும், கோர்ட்டையே விலைக்கு வாங்கிட்டாங்கன்னு இன்னொரு கூட்டம் சொல்லும். ரெண்டுமே அவசரம். ரெண்டு இடத்துலயும் கேக்கற கேள்வியே வேற.

என் கருத்து கேட்டீங்கன்னா, கிரிமினல் கோர்ட் அளவுக்கு வேண்டாம், ஆனா தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரம் வேணும். பணம் எங்கிருந்து வந்துச்சு, யாருக்கு போச்சு, அதுக்கு பதிலா எந்த கையெழுத்து விழுந்துச்சு, இந்த மூணையும் காட்டணும். குற்றச்சாட்டு வேற, நிரூபணம் வேற. இதை எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன்.

கேள்வி: எங்க தொகுதி எம்.எல்.ஏ. ஊழல்வாதி, அவரை இம்பீச் பண்ண யார்கிட்ட மனு கொடுக்கணும்?

யார்கிட்டயும் கொடுக்க முடியாது. இந்தியால எம்.எல்.ஏ., எம்.பி., மந்திரி, முதல்வர், பிரதமர் யாரையும் இம்பீச் பண்ண வழி கிடையாது. ஜனாதிபதிக்கு 61வது பிரிவு இருக்கு, ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்களுக்கும் இன்னும் சில பதவிகளுக்கும் தனி வழி இருக்கு. அரசாங்கத்தை இறக்க நம்பிக்கையில்லா தீர்மானம். உறுப்பினர்னா, ஊழல் தடுப்பு சட்டத்துல தண்டனை ஆனாலே தகுதி போயிடும், அபராதம் மட்டும் போட்டாலும் போயிடும். இதையெல்லாம் அஞ்சு நிமிஷம் தேடினா தெரிஞ்சிருக்கும், மூணு பக்கம் எழுதறதுக்கு முன்னாடி தேடியிருக்கலாம்.

கேள்வி: ஒரு ஆள் பத்து ஊழல் பண்ணியிருக்காருன்னா பத்தையும் ஒரே ஆர்டிகிள்ல (குற்றச்சாட்டு பிரிவுல) போட்டு ஒரே ஓட்டுல முடிச்சா என்ன? டைம் மிச்சம்தானே, எதுக்கு தனித்தனியா இழுக்கணும்?

இந்த கேள்விக்குதான் நான் காத்துட்டு இருந்தேன். பல வருஷமா இதைப் பத்தி கத்திட்டு இருக்கேன், காது கொடுத்து கேக்கறவங்க கம்மி.

கணக்கு போட்டு பாருங்க. சபையில 100 பேர், பதவி நீக்க 67 ஓட்டு வேணும். ஒரே ஆர்டிகிள்ல மூணு புகார், ஒண்ணு கான்ட்ராக்ட்ல கமிஷன், ஒண்ணு சொத்தை மறைச்சது, ஒண்ணு சாட்சியை மிரட்டினது. 25 பேர் கமிஷனை மட்டும் நம்புறாங்க, மத்த ரெண்டும் நிரூபணம் ஆகலன்னு நினைக்கறாங்க. வேற 25 பேர் சொத்து விஷயத்தை மட்டும், இன்னொரு 25 பேர் மிரட்டல் விஷயத்தை மட்டும். ஓட்டு எடுத்தா 75 பேர் குற்றவாளின்னு சொல்லுவாங்க, பதவி போச்சு, ஆனா எந்த ஒரு குற்றத்தையும் 75 பேர் நம்பல, 67 பேரும் நம்பல, 25 பேருதான் நம்பினாங்க. மூணுல ரெண்டு பங்குன்னு அரசியல் சட்டம் எழுதி வெச்ச பாதுகாப்பு அப்படியே காணாம போயிடுது, அதுவும் யாரும் ரூலை மீறாமலே. நெல்லையும் பதரையும் ஒரே மூட்டையில கட்டி எடை போடுற வேலை இது.

கற்பனை இல்ல. கிளின்டன் மேல வந்த முதல் ஆர்டிகிளையே எடுத்துக்கோங்க, நாலு விஷயத்துல ஒண்ணு அல்லது அதுக்கு மேற்பட்டதுல பொய் சொன்னாருன்னு எழுதியிருந்தாங்க, எந்த பொய்யை எத்தனை செனட்டர் நம்பினாங்கன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க? இல்லினாய் கவர்னர் பிளகோயெவிச் கேஸ்ல 13 புகாரை ஒரே ஆர்டிகிள்ல அடைச்சாங்க, 2009 ஜனவரியில 59க்கு 0ன்னு ஒரே ஓட்டுல பதவி போச்சு. அந்த ஆளு பின்னாடி கிரிமினல் கோர்ட்லயும் தண்டனை வாங்கி ஜெயிலுக்கு போனாரு, அதனால முடிவு தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா அதே ஆளை 2010ல கோர்ட்ல 24 குற்றமா பிரிச்சு விசாரிச்சப்ப முதல் ஜூரி ஒரே ஒரு குற்றத்துலதான் ஒத்துப்போச்சு, மத்ததுக்கு மறுவிசாரணை நடத்தி அடுத்த வருஷம்தான் 17 குற்றத்துல தண்டனை வாங்க முடிஞ்சுது. பிரிச்சு கேட்டா பதில் எப்படி மாறுதுன்னு பாருங்க.

ஒழுங்கா பண்ணின இடமும் இருக்கு. டெக்சாஸ்ல அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தோட தலைமை வக்கீல்) பாக்ஸ்டன் மேல 2023ல லஞ்சம் உட்பட 16 ஆர்டிகிள் விசாரணைக்கு வந்துச்சு, பதினாறுக்கும் தனித்தனி ஓட்டு, எல்லாத்துலயும் விடுதலை ஆனாரு. கென்யால துணை அதிபர் கச்சாகுவா மேல 2024ல 11 குற்றச்சாட்டு, தனித்தனியா ஓட்டு எடுத்து 5 நிரூபணம், 6 இல்லன்னு செனட் சொல்லுச்சு, அந்த 5 போதும்னு பதவி போச்சு. அந்த 5 எது, அந்த 6 எதுன்னு நாளைக்கு சரித்திரம் எழுதறவனுக்கும் தெரியும், ஓட்டு போட்ட ஜனங்களுக்கும் தெரியும், முக்கியமா அந்த ஆளுக்கே தெரியும் எதுக்காக தன்னை இறக்கினாங்கன்னு. டைம் மிச்சம்னு எழுதியிருக்கீங்க, பதினாறு ஓட்டு எடுக்க ஒரு நாள் கூட ஆகாது. ஜனங்க தேர்ந்தெடுத்த ஒருத்தரை இறக்கறதுக்கு ஒரு நாள் ஒதுக்க முடியாதா?

அதனால எந்த இம்பீச்மென்ட் நியூஸ் வந்தாலும் டிவியில கத்தறவங்களை விட்டுட்டு முதல்ல ஆர்டிகிளை வாங்கி படிங்க. ஒரு ஆர்டிகிளுக்குள்ள எத்தனை புகார் இருக்குன்னு எண்ணுங்க. ஒண்ணுக்கு மேல இருந்தா, ஏன்னு கேளுங்க.

கேள்வி: குற்றம் சாட்டப்பட்டவரோட சொந்தக்காரங்க சபையில இருந்தா ஓட்டு போடலாமா?

போடக்கூடாது. பாக்ஸ்டனோட மனைவியே அந்த செனட்ல உறுப்பினர், விசாரணை முழுக்க உக்காந்திருந்தாங்க, ஆனா ஓட்டு கிடையாதுன்னு ரூல் போட்டாங்க, சரியான ரூல். 1868ல அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் விசாரணையில இப்படி ஒரு ரூலும் இல்ல, அவரோட மருமகன் செனட்டரா இருந்து அவருக்கு சாதகமா ஓட்டு போட்டாரு, ஜான்சன் போனா அடுத்த அதிபரா வரப்போற பெஞ்சமின் வேடு எதிரா ஓட்டு போட்டாரு. எல்லாரும் மருமகனைத்தான் சொல்லுவாங்க, எனக்கு ரெண்டாவதுதான் பெரிய தப்பா தெரியுது. அந்த நாற்காலிக்கு யாரு வரப்போறாங்களோ அவங்க தராசை தொடவே கூடாது.

கேள்வி: பதில் சொல்ல எத்தனை நாள் கொடுத்தா நியாயம்?

நம்பர் ஒண்ணும் கிடையாது, ஆனா எது அநியாயம்னு தெரியும். பராகுவேல 2012ல அதிபர் லூகோவை ரெண்டு நாளுக்குள்ள இம்பீச் பண்ணி இறக்கியே விட்டாங்க, தன் பக்கத்தை சொல்ல அவரு வக்கீல்களுக்கு கொடுத்தது 2 மணி நேரம். அது ஊழல் கேஸ் கூட இல்ல, பதவியை சரியா பாக்கலங்கற புகார். இந்தப் பக்கம் பிரிட்டன்ல, இந்தியால கவர்னர் ஜெனரலா இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் விசாரணை 1788ல ஆரம்பிச்சு 1795லதான் முடிஞ்சுது, எல்லாத்துலயும் விடுதலை, ஆனா ஏழு வருஷம் போச்சு, சொத்தும் கரைஞ்சுது. ரெண்டு மணி நேரமும் அநியாயம், ஏழு வருஷமும் அநியாயம். ஆவணத்தை முழுசா கையில கொடுத்து, படிக்க சில வாரம் கொடுத்து, சாட்சியை குறுக்கு விசாரணை பண்ண விட்டு, ரெண்டு மூணு மாசத்துல முடிச்சா போதும். தென் கொரியால அதிபர் பார்க் குன் ஹே கேஸ் 2016 டிசம்பர்ல கோர்ட்டுக்கு போய் 2017 மார்ச்ல 8க்கு 0ன்னு முடிஞ்சுது, மூணு மாசம்தான்.

மேல சொன்ன கச்சாகுவா கேஸ்ல எனக்கு உறுத்தறது இதுதான், அவரு சாட்சி சொல்ல வேண்டிய நாள்ல ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு, செனட் அன்னிக்கு ராத்திரியே முடிச்சிருச்சு. நடிக்கறார்னு சந்தேகம் இருந்தா டாக்டரை அனுப்பி பாத்திருக்கலாம், ரெண்டு மூணு நாள் தள்ளி வெச்சிருந்தா வானம் இடிஞ்சு விழுந்திருக்காது.

கேள்வி: விசாரணை அநியாயமா நடந்துச்சுன்னா கோர்ட்டுக்கு போகலாமா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1993ல வால்டர் நிக்சன்ங்கற ஜட்ஜோட கேஸ்ல, செனட் எப்படி விசாரிக்குதுங்கறதுல நாங்க தலையிட மாட்டோம்னு சொல்லிருச்சு. பிலிப்பைன்ஸ் சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலைல துணை அதிபர் சாரா டுடெர்டே மேல வந்த ஆர்டிகிளையே செல்லாதுன்னுருச்சு, ஒருத்தர் மேல வருஷத்துக்கு ஒரு தடவைதான் இம்பீச்மென்ட் ஆரம்பிக்கலாம்ங்கற ரூலை மீறினதும் அவரு தரப்பை கேக்காததும் காரணம். அந்த தீர்ப்பு அவரு குற்றமற்றவர்னு சொல்லல, அதை அப்படி பரப்பாதீங்க.

கேள்வி: இம்பீச்மென்ட்டை ஆரம்பிச்சவங்களே ஊழல்வாதிங்கன்னா அது செல்லாதுதானே?

செல்லும். ஆதாரம் யாரு கையில இருந்து வந்தாலும் ஆதாரம்தான். பிரேசில்ல அதிபர் ரூசெஃப் மேல வந்த மனுவை ஏத்துக்கிட்ட சபாநாயகர் குன்யா, அப்பவே ஊழல் புகார்ல இருந்தவரு, 2016 அக்டோபர்ல கைதும் ஆனாரு. ஆனா ரூசெஃப் மேல இருந்த குற்றச்சாட்டு பட்ஜெட் கணக்கை ஜோடிச்சாங்கன்னுதான், சொந்தமா பணம் எடுத்தாங்கன்னு இல்ல. ஊழலுக்காக இறக்கினாங்கன்னு எழுதியிருக்கறவங்க ரெண்டு பேர் இந்த தடவையும் இருக்கீங்க. ஆர்டிகிளை படிக்கல, அதான் பிரச்சனை.

கேள்வி: ராஜினாமா பண்ணிட்டா தப்பிச்சுடலாமா?

பல நேரம் ஆமா. ஆனா 1876ல அமெரிக்க போர் மந்திரி பெல்க்னாப் லஞ்ச புகார்ல ஓட்டெடுப்புக்கு சில மணி நேரம் முன்னாடி ராஜினாமா பண்ணியும் இம்பீச் பண்ணினாங்க. செனட்ல மெஜாரிட்டி வந்துச்சு, மூணுல ரெண்டு வரல. கோலோரும் கடைசி நாள் ராஜினாமா பண்ணினாரு, பிரேசில் செனட் விடல.

கேள்வி: நியாயம் நியாயம்னு எப்பவும் குற்றவாளி பக்கமே பேசறீங்களே, ஜனங்களுக்கு நியாயம் வேணாமா?

வேணும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வேணுங்கற அளவுக்கே வேணும். பிலிப்பைன்ஸ்ல அதிபர் எஸ்ட்ராடா விசாரணையில 2001 ஜனவரியில ஒரு கவரை பிரிக்கலாமா வேண்டாமான்னு ஓட்டு, பேங்க் கணக்கு சம்பந்தப்பட்ட ஆவணம் அது, பிரிக்க வேண்டாம்னு 11க்கு 10ல ஜெயிச்சுது. குற்றம் சாட்டின தரப்பு வக்கீல்கள் எழுந்து வெளிய போயிட்டாங்க, ஜனங்க தெருவுக்கு வந்தாங்க, நாலு நாள்ல அவரு அதிபர் மாளிகையை விட்டே போயிட்டாரு. அந்த கவரை பிரிச்சு, அதுக்கு அவரு பதில் சொல்ல டைம் கொடுத்து, ஓட்டெடுத்து அனுப்பியிருந்தா அது இம்பீச்மென்ட். விசாரணை பாதியில நின்னதால அவரு கடைசி வரைக்கும் நான் ராஜினாமாவே பண்ணலன்னு வாதாட முடிஞ்சுது, 2007ல ப்ளண்டர்ங்கற பெரிய ஊழல் வழக்குல தண்டனை வந்தப்புறம்தான் குற்றம் பதிவுல ஏறுச்சு.

கேள்வி: ஆயுள் முழுக்க தேர்தல்ல நிக்கக்கூடாதுன்னு தடை போடறது சரியா?

சரியில்ல. லிதுவேனியா அதிபரா இருந்து இம்பீச் ஆன பாக்சாஸுக்கு 2004ல அப்படி போட்டாங்க, 2011ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் அது அளவுக்கு மீறினதுன்னு சொல்லிருச்சு. எட்டு பத்து வருஷம் போதும், அப்புறம் ஓட்டர்கள் பாத்துப்பாங்க.