எலும்பு கூடிவிட்டால் நஷ்ட ஈடு குறையுமா? – கேள்வி பதில்

மதுரைப் பக்கம் வாகன விபத்து வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். உடம்பு தேறுவதற்கும் கைக்கு வரும் தொகைக்கும் என்ன சம்பந்தம் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நான் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் எம்.சி.ஓ.பி. வழக்குகள், அதாவது வாகன விபத்து நஷ்ட ஈட்டு வழக்குகள், நடக்கும் விதத்தை வைத்துத்தான்.

செந்தில், திருப்பூர்: அக்கா, கார் மோதி காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். பிசியோதெரபி போய் நன்றாக நடக்க ஆரம்பித்தால் தொகை குறைந்துவிடும், கேஸ் முடியும் வரை போகாதே என்கிறார் தெரிந்தவர் ஒருவர். உண்மையா?

பாதி உண்மை. நிரந்தர ஊனத்துக்கென்று தருகிற தொகை குறையத்தான் செய்யும். ஆனால் சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலிக்கும் வேதனைக்கும் தருவது, இதெல்லாம் நீங்கள் முழுசாகக் குணமானாலும் உண்டு. அப்புறம் இன்னொன்று, டிஸ்சார்ஜ் சம்மரியில் பிசியோதெரபி என்று எழுதியிருக்கும், குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் அதைத்தான் எடுப்பார், "டாக்டர் சொன்னதைச் செய்தீர்களா?" என்று. போகவில்லை என்றால் முட்டி மடங்காததற்குக் காரணம் விபத்தா உங்கள் அலட்சியமா என்று பேச்சு திரும்பிவிடும். யோசனை சொன்னவருக்கு என்ன, காலை இழுத்துக்கொண்டு நடக்கப் போவது அவரா? போங்கள் தம்பி, ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்கி வையுங்கள்.

முருகேசன், தேனி: எனக்கு 30 சதவீத ஊனம் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்திருக்கிறது. லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், வயது 32. அந்த 30-க்கு ஏற்றபடி பணம் வருமா?

அப்படி நேராக வராது. முதலில் அந்த 30 சதவீதம் காலுக்கா, முழு உடம்புக்கா என்று சான்றைப் பாருங்கள், நிறைய பேர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2010 தீர்ப்பு) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது: உறுப்பின் ஊனம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறனில் விழுந்த அடி வேறு. அந்த வழக்கிலேயே இடது காலில் 45 சதவீதம் என்று சான்று இருந்தது, நீதிமன்றம் முழு உடம்புக்கு 25 என்று எடுத்து, வருமான இழப்பை 20 என்று நிர்ணயித்தது. ஒரு கை போன குமாஸ்தா பழைய வேலையிலேயே தொடரலாம், அதே கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ தொழிலே போய்விடும்.

உங்கள் கணக்கைப் போட்டே பார்ப்போம். மாதம் 15,000 வருமானம் என்றும், சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போனது என்றும் விபத்து வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது என்று வையுங்கள். நாற்பது வயதுக்குக் கீழே சொந்தத் தொழில், எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. இதைப் பன்னிரண்டால் பெருக்கி, வயதை வைத்து நீதிமன்றங்கள் எடுக்கும் பெருக்கல் எண், 32 வயதுக்கு 16, அதாலும் பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுத்தால் 8,06,400 ரூபாய். இதையே "தொழில் பாதிக்கவில்லை" என்று முடிவு செய்துவிட்டால் நம் ஊர்த் தீர்ப்பாயங்கள் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று போட்டுவிடும். சதவீதத்துக்கு 5,000 என்றால் 30-க்கு ஒன்றரை லட்சம். வித்தியாசம் புரிகிறதா? சான்றில் உள்ள எண்ணைவிட, கிளட்ச் மிதிக்க முடியவில்லை, மூட்டை ஏற்ற முடியவில்லை என்று டாக்டரின் சாட்சியத்தில் பதிவாகிறதா என்பதுதான் முக்கியம்.

பெயர் வேண்டாம், திருநெல்வேலி: இன்சூரன்ஸ்காரர்கள் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம் என்கிறார்கள். கம்பி இன்னும் எடுக்கவில்லை. முடித்துவிடலாமா மேடம்?

அவசரப்படாதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்திலேயே தீர்ப்பு வாங்கினாலும், பிறகு எலும்பு கூடவில்லை, மறுபடி ஆபரேஷன் என்று போய் நின்றால் இரண்டாவது தடவை தர சட்டத்தில் வழியில்லை என்று நாகப்பா வழக்கில் (2002 தீர்ப்பு) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரப்போகிற செலவையும் சேர்த்து ஒரே தடவையில் கேட்டாக வேண்டும். கம்பி எடுக்க எவ்வளவு ஆகும் என்று ஆஸ்பத்திரியில் எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

ஆனால் மனு போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தப்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதை எதிர்த்து வழக்கு போயிருக்கிறது என்பதை நம்பி உட்காரக் கூடாது. மனுவை இப்போதே போடுங்கள், மருத்துவக் குழு முன் நிற்பதை மட்டும் உடம்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கேட்டதைவிட அதிகம் தரவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு, அதுவும் அதே நாகப்பா வழக்கில் சொன்னதுதான்.

கார்த்திகா, வேலூர்: என் மாமா ஆஸ்பத்திரிக்குப் போகாமல் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. கேஸ் நிற்குமா?

நான் வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை, காகிதம் இல்லாததுதான் பிரச்சினை. விபத்து நடந்த அன்று எடுத்த எக்ஸ்ரே ஏதாவது இருக்கிறதா? அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) போட்டார்களா? எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம், ஆனால் முறிந்தது என்று காட்ட ஏதாவது வேண்டுமே. இரண்டும் இருந்தால் நிற்கும். எதுவுமே இல்லையென்றால், இப்போது எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் கேளுங்கள். கூடிய எலும்பில் பழைய முறிவின் தடம் தெரிந்தால் அவர் எழுதித் தருவார். ஆனால் அது இந்த விபத்தில்தான் முறிந்தது என்று நிரூபிப்பது கஷ்டம்.

அருண், சென்னை: ஐ.டி. வேலை, மூன்று மாத லீவுக்குப் பிறகு அதே சம்பளத்தில் சேர்ந்துவிட்டேன். ஒன்றும் கிடைக்காதா?

வருமான இழப்பென்று பெரிதாக வராது. போட்ட லீவுக்கும், செலவுக்கும், வலிக்கும், முன்போல் ஓடவோ தரையில் சம்மணம் போட்டு உட்காரவோ முடியாததற்கும் கேட்கலாம். மெடிக்ளெய்ம், அதாவது மருத்துவ இன்சூரன்ஸ் பணம், வாங்கியிருந்தால் அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்வார்கள். கழிக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2025-ல் சொல்லியிருக்கிறது, வக்கீலிடம் சொல்லி அதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஜெயந்தி, திண்டுக்கல்: அப்பாவுக்குத் தலையில் அடி. காயம் ஆறிவிட்டது, நன்றாக நடக்கிறார். ஆனால் சட்டென்று கோபம், கேஸ் அடுப்பை அணைக்க மறக்கிறார், தனியாக விட முடியவில்லை. சான்றில் "குணமடைந்தார்" என்று இருக்கிறது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் அந்த வார்த்தையை இன்சூரன்ஸ் தரப்பு பிடித்துக்கொள்ளும் அம்மா. உடனே நரம்பியல் டாக்டரிடம் காட்டி, ஞாபகத்துக்கும் நடத்தைக்கும் உரிய பரிசோதனைகளை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவக் குழுவுக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள், அவரிடம் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார். பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்றால் அதற்கும் தனியாகக் கேட்கலாம். காஜல் என்ற சிறுமியின் வழக்கில் (2020) மாதம் 10,000 வீதம், பெருக்கல் எண் 18 போட்டு, பராமரிப்பாளர்களுக்கு மட்டும் 21.6 லட்சம் கொடுத்தது உச்ச நீதிமன்றம். வீட்டில் நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், அதற்காக வேலையை விட்டீர்களா, எப்போது விட்டீர்கள் என்பதையும் சாட்சியத்தில் சொல்லிவிடுங்கள்.