கொய்யாவுக்கு நுண்ணூட்டம்: எந்தத் தண்ணீரில் கலக்கினீர்கள்?

கேள்வி: மணலி புதுநகரைத் தாண்டி, இடையஞ்சாவடி பக்கம் 60 கொய்யா மரங்கள் வைத்திருக்கிறேன். லக்னோ 49 ரகம், வயது 7. இலை வெளுக்கிறது, காய் எலுமிச்சை அளவிலேயே நின்றுவிடுகிறது. கடையில் கொடுத்த நுண்ணூட்டக் கலவையை இரண்டு முறை அடித்தேன். இலை ஓரம் கருகியதுதான் மிச்சம். அளவைக் கூட்டி அடிக்கலாமா?

பதில்: கூட்டவே கூட்டாதீர்கள் ஐயா. வெளுப்பது எந்த இலை என்று நீங்கள் எழுதவில்லை. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறை. இலை சிறுத்துக் கொத்தாக நின்றால் துத்தநாகம். காய் வெடித்தால் போரான். முற்றிய இலையின் ஓரம் அடிப்பதற்கு முன்பே கருகியிருந்தால் உப்பைத்தான் சந்தேகிப்பேன்.

நான் கேட்க நினைப்பது வேறு. மருந்தைப் போர் தண்ணீரில்தானே கலக்கினீர்கள்? மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே வந்து பல காலமாகிறது. இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் மழைநீர். இரண்டிலும் ஒரு சிட்டிகை துத்தநாக சல்பேட் போட்டுக் கலக்குங்கள். போர் தண்ணீர் பால்போலக் கலங்கி அடியில் வெள்ளையாகப் படிந்தால், காசு கொடுத்து வாங்கிய துத்தநாகம் அங்கே கிடக்கிறது என்று அர்த்தம். இலைக்குப் போய்ச் சேர்வது உப்பு மட்டும்தான்.

ஏழெட்டுச் சத்தை ஒரே பாட்டிலில் அடைத்து விற்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மரம் கேட்பது ஒன்று, பில்லில் ஏறுவது எட்டு. போதாக்குறைக்கு, "ஆள் கூலி மிச்சம், பூச்சிமருந்தையும் இதிலேயே ஊற்றுங்கள்" என்பார்கள். டிஏபி (மணிச்சத்து உரம்) கரைசலோடு துத்தநாகத்தைச் சேர்க்கச் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் திரிந்து, விசைத்தெளிப்பானின் முனை அடைத்துக்கொள்ளும்.

துத்தநாகக் குறைதான் என்றால், லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 10 கிராம் யூரியா. மார்ச்சில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். காய் வெடித்தால் மட்டும் போராக்ஸ் லிட்டருக்கு 3 கிராம், அதைத் தனியாக. கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, எத்தனை வருடமாகிறது? கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும்.

பாசன நீரின் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு (dS/m) மேல் இருந்தால் எந்தத் தெளிப்பும் பெரிதாகக் கைகொடுக்காது. 60 மரத்துக்கு ஒரு தடவைக்கு 300 லிட்டர் போதும். வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் கூரைத் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள், மார்ச்சுக்கு ஆகும்.