ஸ்கைரிம் உள்நாட்டுப் போர்: எந்தப் பக்கம் சேர்வது?

ஸ்கைரிம் வீடியோ கேமில், அதே பெயருள்ள நாட்டைப் பேரரசிலிருந்து பிரிக்க உல்ஃப்ரிக் தலைமையில் ஸ்டார்ம்க்ளோக் படை போராடுகிறது. எதிரே நிற்பது ஜெனரல் டுல்லியஸ் தலைமையிலான பேரரசுப் படை, லீஜன்.

ஆட்டம் தொடங்கும் ஹெல்கனில் டிராகன் வந்தபோது அவசரத்தில் ஸ்டார்ம்க்ளோக் வீரன் ராலோஃப் பின்னால் ஓடிவிட்டேன். இனி ஸ்டார்ம்க்ளோக் பக்கம்தானா?

இல்லை. ராலோஃபோ லீஜன் வீரன் ஹட்வரோ, அது உயிர் தப்ப ஒரு துணை, அவ்வளவுதான். ரிவர்வுட்டில் யார் வீட்டில் தங்குகிறீர்கள் என்பது மாறும்: ராலோஃபோடு போனால் மர ஆலை நடத்தும் கெர்டூர், ஹட்வரோடு போனால் கொல்லர் ஆல்வோர். உண்மையான முடிவை எடுப்பது சாலிட்யூட் நகரில் லீஜன் அதிகாரி லெகேட் ரிக்கேயிடமோ வின்ட்ஹெல்ம் அரண்மனையில் உல்ஃப்ரிக்கின் தளபதி கால்மாரிடமோ பேசும்போதுதான். சத்தியம் செய்த பிறகும் ஒரு கடைசி வாய்ப்பு உண்டு. கோர்வன்ஜுண்ட் என்ற பழைய கல்லறையில் பண்டைய அரசர்களின் கிரீடமான ஜாக்ட் க்ரௌனை எடுத்ததும், அதை எதிர்த்தரப்புத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் கட்சி மாறிவிடலாம். அதற்கு அப்புறம் முடியாது. அங்கே தனியாக ஒரு சேவ் போட்டு வையுங்கள்.

ஸ்கைரிமை ஆண்ட அரசர் டோரிக்கை உல்ஃப்ரிக் கொன்றது நேர்மையான சண்டையா, கொலையா?

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உல்ஃப்ரிக் தப்பிப்போகக் கதவைத் திறந்துவிட்ட ரோக்விரின் தலை வெட்டப்படுவதைத்தான் சாலிட்யூடுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பீர்கள். மந்திர சக்தி கொண்ட குரலாலேயே அரசரைக் கிழித்துப் போட்டான் என்ற பேச்சும் காதில் விழும். உல்ஃப்ரிக்கையே கேட்டால், குரல் அவரைக் கீழேதான் தள்ளியது, நெஞ்சில் பாய்ந்தது என் வாள் என்பார். நேருக்கு நேர் சண்டைக்கு அழைப்பது ஸ்கைரிமின் மனித இனமான நார்ட்களின் பழைய வழக்கம், டோரிக்கும் மறுக்கவில்லை. அதனால் வெறும் கொலை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் சாலிட்யூடின் அரண்மனையான ப்ளூ பேலஸில் அரசவை மந்திரவாதி சிபில் ஸ்டென்டரிடம் பேசிப் பாருங்கள். டோரிக்குக்கு உல்ஃப்ரிக் மேல் பெரிய மரியாதை இருந்ததாம். பேரரசை விட்டு விலகச் சொல்லி நேரில் கேட்டிருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பாராம். உல்ஃப்ரிக் கேட்கவே இல்லை. எனக்கு அந்த ஆள் மேல் இருந்த மதிப்பு அங்கேதான் சரிந்தது.

நார்ட்கள் வணங்கும் தெய்வமான டாலோஸின் வழிபாட்டையே விற்றுவிட்ட பேரரசோடு சேர்வது துரோகம் இல்லையா?

கோபம் நியாயமானதுதான். கேமின் காலக்கணக்கில் நான்காம் யுகம் 175இல், தால்மோர் என்ற எல்ஃப் ஆட்சியாளர்களோடு பேரரசு கையெழுத்திட்ட வைட்-கோல்ட் ஒப்பந்தத்தால் டாலோஸை வணங்குவது குற்றமாயிற்று. தால்மோர் ஆட்கள் பக்தர்களைச் சாலையிலேயே இழுத்துப் போகிறார்கள். ஆனால் தால்மோர் தூதரகத்துக்குள் நுழையும் குவெஸ்ட் வரும்போது, தால்மோர் தூதர் எலன்வெனின் பெட்டியில் உல்ஃப்ரிக் பற்றிய கோப்பைத் தேடி எடுத்துப் படியுங்கள். பேரரசுக்கும் தால்மோருக்கும் நடந்த பெரும் போரில் பிடிபட்ட அவரை விசாரித்ததே எலன்வென்தான். பேரரசின் தலைநகரம் விழுந்தது தான் உளறியதால்தான் என்று அவரை நம்ப வைத்திருக்கிறார்கள். உண்மையில் அவர் வாய் திறக்கும் முன்பே நகரம் விழுந்துவிட்டது. அவர் தால்மோரின் கூலியாள் இல்லை, இப்போது அவர்கள் பேச்சைக் கேட்பதும் இல்லை. ஆனால் இந்த உள்நாட்டுப் போர் முடிவில்லாமல் இழுப்பதுதான் அவர்களுக்கு லாபம். ஸ்டார்ம்க்ளோக் ஜெயிப்பதைக்கூட அவர்கள் விரும்பவில்லை என்று அதே கோப்பு சொல்கிறது.

இன்னொன்று: ஸ்டார்ம்க்ளோக் பக்கம் ஆடினால் கடைசிச் சண்டையில் டுல்லியஸின் அறைக்குள் ரிக்கே நிற்பார். போய்விடு என்று உல்ஃப்ரிக்கே வழிவிடுகிறார். ரிக்கே நகர மாட்டார். சாவதற்கு முன் டாலோஸின் பெயரைத்தான் சொல்கிறார், லீஜனின் அதிகாரி!

கொடி இருக்கட்டும். ஊர்களில் என்ன மாறும்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஸ்டார்ம்க்ளோக் ஜெயித்தால் வைட்ரனை ஆளும் பால்க்ரூஃப் பதவி இழந்து சாலிட்யூடில் தஞ்சம் புகுவார். விக்னர் க்ரே-மேன் அரியணையில் உட்காருவார். மார்கார்த் சில்வர்-பிளட் குடும்பத்தின் கைக்குப் போகும். சிட்னா சுரங்கச் சிறையை நடத்துகிறவர்கள். லீஜன் ஜெயித்தால் ரிஃப்டனில் மேவன் பிளாக்-ப்ரையர் யார்ல், அதாவது ஊரை ஆளுபவர். திருடர் சங்கத்தோடு உறவாடும் அம்மாள் இனி சட்டப்படியே ஆளுவார், வயிறு எரியும். ஆனால் வின்ட்ஹெல்ம் ப்ருன்வுல்ஃப் ஃப்ரீ-வின்டருக்குக் கிடைக்கும். அந்த ஊரின் க்ரே குவார்ட்டர் பகுதியில் ஒடுங்கிக் கிடக்கும் டார்க் எல்ஃப்களுக்காக ஏற்கெனவே வாய் திறந்து பேசும் நார்ட் அவர். அந்த ஒரு ஊருக்காகவே நான் லீஜன் பக்கம்.

என் கதாபாத்திரம் டார்க் எல்ஃப். உல்ஃப்ரிக் படையில் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். நார்ட் அல்லாதவனுக்கு இந்த மண்மேல் என்ன அக்கறை என்று கால்மார் ஒரு கேள்வி கேட்பார். அவ்வளவுதான்.

எந்தப் பக்கமும் சேராமல் கதையை முடிக்க முடியுமா?

தாராளமாக. போர் முடியாமல் இருந்தால், முக்கியக் கதையின் நடுவே மலை மடமான ஹை ஹ்ராத்கரில் சமாதானப் பேச்சுவார்த்தை நடக்கும்; எந்த ஊரை யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பதில் உங்கள் சொல்லும் எடுபடும். எலன்வென் வந்து உட்கார்ந்ததும் உல்ஃப்ரிக் கொதித்தெழுவார். அவளை இருக்க விடுவதா வெளியே அனுப்புவதா என்று உங்களிடம் கேட்பார்கள். கோப்பைப் படித்துவிட்டுப் போனால் அந்தக் கோபம் புரியும். போரை முன்பே முடித்தவர்களுக்கு இந்தக் காட்சியே வராது. முதல் முறை ஆடுகிறவர்கள் போரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கோட்டை பிடிக்கும் குவெஸ்ட்கள் எப்படியும் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும், அவசரப்பட ஒன்றுமில்லை.